கணக்கில் வராத சண்டைகள்: பா-அன் பயணக் குறிப்புகள்

3 ஜனவரி 2019, வியாழன். யாங்கோன்

இங்கே டீக்கடையில் பையனைக் கூப்பிட உதட்டைக் குவித்து முத்தச் சத்தம் போடுகிறார்கள். எனக்கு அது வரவே இல்லை. கையைத் தூக்கிக் காட்டிப் பார்த்தேன், ஒருத்தரும் திரும்பவில்லை. கூட வந்த நண்பர் ஒரு சத்தம் விட்டார், டீ வந்துவிட்டது. டின்பால் ஊற்றிய திக்கான டீ 400 சாட், நம் காசுக்கு இருபது ரூபாய்க்கும் கொஞ்சம் கீழே. மேஜை மேல் ஃபிளாஸ்கில் இருக்கும் பச்சைத் தேநீருக்குக் காசு கிடையாது. எத்தனை மணி நேரம் உட்கார்ந்தாலும் யாரும் முறைப்பதில்லை.

நண்பர் இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழர். அனவ்ரத்தா சாலையில், நம் ஆட்கள் 19-ஆம் நூற்றாண்டில் கட்டிய காளி கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் அவருடைய பெரியப்பா வீடு. ராத்திரி அங்கே தோசை. பெரியப்பாவுக்கு வயது எழுபதைத் தாண்டியாயிற்று. பேச்சு முழுக்க லெத்வேதான். பர்மியர்களின் கையுறை இல்லாத குத்துச்சண்டை அது. கையில் காயத்துக்குக் கட்டுகிற காஸ் துணியும் டேப்பும் மட்டும். குத்தலாம், உதைக்கலாம், முழங்கையாலும் முழங்காலாலும் அடிக்கலாம். தலையாலும் முட்டலாம். தாய்லாந்துக்காரர்கள் எட்டு உறுப்பால் சண்டை போட்டால் எங்களுக்கு ஒன்பது என்று பெரியப்பா தன் நெற்றியைத் தட்டிக் காட்டினார்.

"2001-ல அமெரிக்காவுலருந்து மூணு பேர் வந்தானுங்க தம்பி. மூணு பேரும் தோத்தானுங்க." அந்த மூவரில் ஒருவரை அடித்தவர் சோ ங்கா மான். அந்தப் பெயரைச் சொல்லும்போது குரலே மாறுகிறது. 2004-இல் ஜப்பான்காரர் தமுரா இரண்டாவது சுற்றில் ஜெயித்ததையும், 2016 டிசம்பரில் கனடாவின் டேவ் லெடுக் இங்கேயே வந்து துன் துன் மின்னைத் தோற்கடித்துப் பட்டத்தைக் கொண்டுபோனதையும் கேட்டேன். தோசைத் தட்டைப் பார்த்துக்கொண்டே "அதெல்லாம் இப்ப" என்று முடித்துவிட்டார்.

தெய்ன்ப்யூ ஸ்டேடியத்துக்குப் போகலாமா என்றதற்கு, "சண்டை பாக்கணும்னா ரங்கூன்ல உக்காந்திருக்கக் கூடாது. ஞாயித்துக்கிழமை கரேன் சனங்களுக்குப் புதுவருசம். அவங்க மாநிலத் தலைநகர் பா-அனுக்குப் போங்க. அங்க ஒரு பழைய சாம்பியன் இருக்காரு, என் பேரச் சொல்லுங்க" என்றார்.

4 ஜனவரி, வெள்ளி. பஸ்ஸில்

பர்மாவின் சுதந்திர தினம். தெருவை மறித்துச் சாக்கு ஓட்டம், கயிறிழுப்பு, வழுக்கு மரம் எல்லாம் நடக்கிறது. டாக்ஸி பஸ் நிலையத்துக்குப் போய்ச் சேர எடுத்த நேரத்தில் பாதி வழி பா-அன் போயிருக்கலாம். பஸ்ஸுக்குள் குளிர்சாதனம் அடிக்கிற அடியில் உள்ளூர்க்காரர்கள் கம்பளித் தொப்பி போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். வெளியே 32 டிகிரி.

பகோ, சித்தாங் பாலம், சைட்டோ, தட்டோன். இந்தத் தட்டோனில்தான் வினை. பா-அனில் இறங்கி டிக்கியைத் திறந்தால் என் நீலப் பை இல்லை. அதே மாதிரி வேறொரு நீலப் பை இருக்கிறது, திறந்தால் மூன்று லுங்கி, ஒரு பிரஷர் குக்கர் வளையம், ஒரு கட்டு வெற்றிலை. தட்டோனில் இறங்கிய யாரோ என்னுடையதைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். பஸ் கம்பெனி ஆள் கொட்டாவி விட்டபடி நம்பரை எழுதிக்கொண்டார்.

ராத்திரிக் கடையில் தலபோ. மூங்கில் குருத்தும் கீரையும் போட்டு அரிசி கரைத்த கரேன் குழம்பு. பை தொலைந்த கவலையிலும் இரண்டு கிண்ணம் இறங்கியது.

5 ஜனவரி, சனி. பா-அன்

மாற்று உடுப்பு இல்லாததால் காலையில் சந்தைக்குப் போய் ஒரு லுங்கியும் கரேன் மேல்சட்டையும் வாங்கினேன். சிவப்பில் வெள்ளைக் கோடு, ஓரத்தில் குஞ்சம், 9,000 சாட். கடைக்கார அம்மாவுக்கு ஒரே சந்தோஷம், புதுவருடத்துக்காகவே இந்தியாவிலிருந்து உடுத்திக்கொள்ள வந்திருக்கிறான் என்று பக்கத்துக் கடைகளுக்கெல்லாம் சொன்னார். நண்பரும் அதைத் திருத்தவில்லை. அப்புறம் நாள் முழுக்க யாராவது கட்டைவிரலைக் காட்டிக்கொண்டே இருந்தார்கள்.

7,000 சாட்டுக்கு வாடகை பைக். ஊருக்கு வெளியே பனி விலகும் வயல்களுக்கு நடுவில் ஸ்வேகபின் மலை சுவர் போல எழுந்து நிற்கிறது. 700 மீட்டருக்கு மேல் உயரம், உச்சியில் பகோடா, ஏறப் படிகள். நான் ஏறவில்லை.

சாம்பியன் வீட்டைக் கண்டுபிடிப்பது சுலபம், வழியில் யாரைக் கேட்டாலும் காட்டினார்கள். அவர் எத்தனை சண்டை போட்டார் என்பதில்தான் ஆளுக்கொரு கணக்கு. தங்கும் விடுதிக்காரர் 200 என்றார். பெட்ரோலைப் பாட்டிலில் வைத்து விற்கிற பெண் 90 என்றார், அவருடைய அப்பா 90-ஐயும் பார்த்தாராம். சாம்பியனின் சிஷ்யப் பையன் ஒருவன் 120 என்று அடித்துச் சொன்னான்.

மாமரத்தடியில் மண் தரை, கயிறு கட்டின நாலு மூங்கில், அரிசிச் சாக்கில் மணல் அடைத்த மூட்டை, பழைய லாரி டயர். அதுதான் பயிற்சிக்கூடம். நாங்கள் 'ஸயா' என்று கூப்பிட்டோம், இங்கே ஆசிரியரை அப்படித்தான் அழைக்கிறார்கள். வயது அறுபத்தைந்து இருக்கலாம். குள்ளம், மெல்லிய குரல். வெற்றிலைக் கறை படிந்த பற்களில் முன்வரிசையில் மூன்று இல்லை. பெரியப்பா பெயரைச் சொன்னதும் எழுந்து உள்ளே போய், வலது கையால் தண்ணீர்த் தம்ளரை நீட்டினார், இடது கை வலது முழங்கையைத் தொட்டபடி. மரியாதைக்கு இந்த ஊரில் எல்லோரும் இப்படித்தான் கொடுக்கிறார்கள். ஆனால் அந்தக் கை! நடுவிரல் முட்டி உள்ளே அமுங்கிப் பள்ளமாக இருக்கிறது. மோதிர விரல் முழுசாக மடங்குவதில்லை. தம்ளரை விரலால் பிடிக்காமல் உள்ளங்கையில் ஏந்திக் கொடுத்தார்.

பெயரை எழுத வேண்டாம் என்றார். எத்தனை சண்டை என்று கேட்டேன். "யார் எழுதி வைத்தார்கள்?" என்று திருப்பிக் கேட்டார். ஊர்த் திருவிழாவில் சண்டை முடிந்ததும் காசு கொடுப்பார்கள், சாப்பாடு போடுவார்கள், அடுத்த ஊருக்குப் போக வேண்டியதுதான்.

நாளைக்கு அவருடைய சிஷ்யன் ஒருவன் இறங்குகிறான். அவன் கையைக் கட்டி ஒத்திகை பார்த்தார்கள். காஸ் துணியை மணிக்கட்டில் மூன்று சுற்று, கட்டைவிரலைச் சுற்றி ஒன்று, பிறகு விரல் இடுக்குகளில் புகுத்தி இழுத்துப் பின்புறம். சுற்றுக்குச் சுற்று பையனை முஷ்டி மடக்கச் சொல்லிப் பார்க்கிறார். இறுக்கினால் ரத்தம் ஓடாது, தளர்த்தினால் எலும்பு முறியும். மடங்காத அந்த விரலை வைத்துக்கொண்டு முடிச்சை அவர் போட்ட வேகம் இருக்கிறதே! எங்களிடம் பேச்சு கொடுத்துக்கொண்டே, கையைப் பார்க்காமல் கட்டினார்.

6 ஜனவரி, ஞாயிறு. கரேன் புதுவருடம்

பியாத்தோ மாதத்தின் முதல் நாள். காலையில் கொடியேற்றம், எருமைக் கொம்பு ஊதுதல், தவளை உருவம் வைத்த வெண்கல முரசு, வரிசை வரிசையாக தோன் நடனம். ஆண்களும் பெண்களும் ஒரே சட்டையில், அடி பிசகாமல். நடனம் ஒரு மணி நேரத்தில் எனக்குச் சலித்துவிட்டது, அவர்களுக்குச் சலிக்கவில்லை. வெயில் ஏறியது. கரும்புச் சாறு 500 சாட், பனிக்கட்டியை யோசிக்காமல் குடித்தேன், ஒன்றும் ஆகவில்லை.

பிற்பகலில் சண்டை. வளையத்துக்குப் பக்கத்திலேயே சைங் வைங் மேளக்காரர்கள், அவர்களோடு நாதஸ்வரத்தின் ஒன்றுவிட்ட தம்பி போன்ற ஹ்னே. அந்த வாத்தியம் ஒரு நிமிடம் ஓயவில்லை. அடி வேகமெடுத்தால் மேளமும் வேகமெடுக்கிறது, இருவரும் விலகி நின்றால் அதுவும் இழுத்துக்கொண்டு நிற்கிறது.

முதலில் சின்னப் பையன்கள். பன்னிரண்டு வயதுகூட இருக்காது. அவர்கள் ஒருவரையொருவர் முகத்தில் குத்துவதைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை, எழுந்து வெளியே போய் நின்றேன். மூக்கில் ரத்தத்தோடு இறங்கி வந்தவனுக்கு அம்மா ஐஸ்க்ரீம் வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தார். அந்தப் பையன் என் சட்டையைப் பார்த்துச் சிரித்தான்.

ஸயாவின் சிஷ்யன் இறங்கியபோது இருட்டிவிட்டது. வளையத்துக்குள் வந்ததும் இருவரும் ஒரு சின்ன நடனம் ஆடுகிறார்கள். பிறகு இடது கையை மார்போடு மடக்கி, வலது உள்ளங்கையால் புஜத்தில் பளார் பளார் என்று அறைகிறார்கள், சவாலுக்கு. நம் ஊர் மல்லர்கள் தொடை தட்டுவது கையில் ஏறியிருக்கிறது.

மூன்று நிமிடச் சுற்றுகள் ஐந்து, இடையில் இரண்டு நிமிடம் ஓய்வு. புள்ளிகள் கிடையாது. வீழ்த்தினால் வெற்றி. ஐந்து சுற்று முடிந்தும் இருவரும் நின்றால் ட்ரா, அவ்வளவுதான். விழுந்தவனுக்கு எண்ணும் பத்தையும் இரண்டு விநாடிக்கு ஒன்றாக எண்ணுகிறார்கள், ஆக இருபது விநாடி. இதற்கு மேல் ஒரு விசித்திரம் உண்டு. அடிபட்டுச் சாய்ந்தவனை ஒரு சண்டையில் ஒரே ஒரு முறை மூலைக்குத் தூக்கிக்கொண்டுபோய், இரண்டு நிமிடம் தெளிய வைத்துத் திரும்ப அனுப்பலாம். ஐந்தாம் சுற்றில் மட்டும் அந்தச் சலுகை இல்லை.

மூன்றாவது சுற்றில் அதுதான் நடந்தது. எதிராளி இவன் கழுத்தைப் பிடித்து இழுத்துத் தலையால் முட்டினான். சிதறுதேங்காய் உடையும் சத்தம். பையன் உட்கார்ந்த வாக்கில் பின்னால் சாய்ந்தான். மூலையில் ஸயா பனிக்கட்டித் தண்ணீரை அவன் பிடரியில் ஊற்றி, காதைத் தேய்த்து, ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தார். அவன் கண் ஒரு பக்கமாகப் போயிருந்தது. அதோடு நிறுத்திவிடுவார்கள் என்று நினைத்தேன். நிறுத்தவில்லை. இரண்டு நிமிடம் கழித்து அவன் எழுந்து போனான். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. பக்கத்தில் இருந்த பாட்டி சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டே என் தொடையைத் தட்டி ஏதோ சொன்னார். "பயப்படாதே, இவன் நிப்பான்னு சொல்றாங்க" என்றார் நண்பர்.

நின்றான். நான்காம் சுற்று முழுவதும் பின்வாங்கிக்கொண்டே, ஐந்தாவதில் இரண்டு நல்ல உதை விட்டு, மணி அடிக்கும்போது நின்றுகொண்டிருந்தான். ட்ரா. கூட்டம் வெற்றி பெற்றவனுக்குப் போலக் கத்தியது, 1,000 சாட் நோட்டுகள் கயிற்றைத் தாண்டி விழுந்தன. முட்டியவனே இவனைத் தோளில் தூக்கி வளையத்தைச் சுற்றி வந்தான். பிறகு இருவரும் ஸயாவின் காலில் விழுந்து கும்பிட்டார்கள்.

மருத்துவர் என்று ஒருவர் டார்ச் அடித்துக் கண்ணைப் பார்த்தார். அந்த மூன்றாம் சுற்றை நான் இன்னும் ஏற்றுக்கொள்ளவில்லை.

7 ஜனவரி, திங்கள். பா-அன்

காலை ஆறரைக்கு விடுதி வாசலில் ஒருவர் என் நீலப் பையோடு நிற்கிறார். தட்டோனிலிருந்து விடியற்காலையில் பைக் ஓட்டி வந்திருக்கிறார். கூடவே ஒரு பம்ளிமாஸ் பழம். அவருடைய பையைக் கொடுத்தேன், முதலில் குக்கர் வளையம் இருக்கிறதா என்று பார்த்தார். பெட்ரோலுக்குக் காசு நீட்டினேன், இரண்டடி பின்னால் போய்விட்டார். மொஹிங்கா வாங்கிக் கொடுக்க மட்டும் சம்மதித்தார். மீன் குழம்பில் அரிசிச் சேமியா, வாழைத்தண்டு, மேலே வடை உடைத்துப் போட்டு 700 சாட். அவர் இரண்டு தட்டு சாப்பிட்டார்.

பிறகு ஸயா வீடு. கண்ணாடி அலமாரியில் பட்டுக்கொடி ஒன்று மடித்து வைத்திருக்கிறார். லெத்வேயில் பெரிய பட்டம் என்றால் கொடி. 1979-இல் மோல்மேனில் வாங்கியது. எருமை மேய்த்துக்கொண்டிருந்தவர், பதினைந்து வயதில் ஊர்ப் பகோடா திருவிழாவில் முதல்முறை இறங்கினார். வளையம் இல்லை, மணல் குழி. பரிசு ஒரு லுங்கியும் 20 சாட்டும். அவருக்குக் கற்றுக்கொடுத்தவர் சா பா ங்யேனின் வழியில் வந்தவராம். 1952 ஹெல்சின்கி ஒலிம்பிக்கில் பர்மாவுக்காகக் குத்துச்சண்டை போட்ட அதே சா பா ங்யேன்தான். கரேன், மோன் இனத்தவர் ஊர்களெல்லாம் சுற்றி ஆட்களைத் தேற்றி, மணல் குழியிலிருந்த விளையாட்டுக்கு வளையமும் விதிகளும் வந்ததில் பெரும் பங்கு அவருக்கு. அவர் வராமல் இருந்திருந்தால் நாங்கள் இன்னும் மணலைத் தின்றுகொண்டிருப்போம் என்றார் ஸயா.

அந்தக் காலத்தில் சண்டைக்காரன் வருமானம் திருவிழாக்களை நம்பித்தான். மழைக்காலத்தில் நாற்று நடவு, மழை விட்டால் சண்டை. ஏப்ரலில் எல்லை தாண்டி மே சோட்டுக்குப் போய்த் தாய்லாந்துக்காரர்களோடு மோதுவது தனி வரும்படி. கொஞ்சம் சேர்ந்தது. வீடு கட்ட 75 சாட் நோட்டுகளாக ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைத்தார். 1987 செப்டம்பரில் நே வின் அரசு 25, 35, 75 சாட் நோட்டுகள் செல்லாது என்று ஒரே நாளில் அறிவித்தது. மாற்றிக்கொள்ளவும் வழி வைக்கவில்லை. டின்னை எடுத்து வந்து திறந்தார். ஒரே ஒரு நோட்டு, கொடியை விடப் பத்திரமாகப் பிளாஸ்டிக் உறைக்குள். மற்றதெல்லாம்? "பேத்திகள் கடை வைத்து விளையாடினார்கள்."

அடுத்த வருடம் நாடே கொந்தளித்தது, திருவிழாக்கள் நின்றன. 1989-இல் வலது கை மூன்றாவது முறை முறிந்தது. அதோடு விட்டுவிட்டு ரப்பர் தோட்டத்தில் பால் இறக்கப் போனார். தோட்ட முதலாளி அவருடைய சண்டையைப் பார்த்தவர், கூலியில் ஒன்றும் கூடுதலாகக் கொடுக்கவில்லை.

தோல்விகளைக் கேட்டேன். விரல் விட்டு நாலு சொன்னார், ஆள், ஊர், சுற்று எல்லாவற்றோடும். வெற்றிகளைக் கேட்டால் கையை வீசிவிட்டார். ட்ராவைக் கேட்டதும்தான் ஆள் நிமிர்ந்து உட்கார்ந்தார். மோன் ஊர்க்காரர் ஒருவரோடு நாலு முறை மோதி நாலும் ட்ரா. முக்கால் மணி நேரம் அந்த நாலைப் பற்றியே பேசினார். எழுந்து நின்று முழங்கால் போட்டதைக் காட்டினார். அவருடைய மனைவி உள்ளேயிருந்து ஏதோ சொல்ல, நண்பர் சிரித்தார்: "அந்த ஆளையே கட்டியிருக்கலாமேன்னு கேக்குறாங்கண்ணே."

2017-இல் தொடங்கிய உலக லெத்வே சாம்பியன்ஷிப்பில் புள்ளி போட்டு வெற்றியை முடிவு செய்கிறார்கள். டிவியில் பார்ப்பீர்களா என்றேன். பார்ப்பாராம். "ரெண்டு பேரும் நின்னுட்டிருக்கான். மேஜையில உக்காந்திருக்கிற ஒருத்தர் பேப்பரப் பார்த்து நீ தோத்துட்டேங்கிறார். அவர் என்ன அடி வாங்கினார்?" இது நண்பரின் மொழிபெயர்ப்பு. எனக்கு இதில் அவர் கட்சி. நேற்றைய மூன்றாம் சுற்றில் இல்லை.

8 ஜனவரி, செவ்வாய். மோல்மேன்

தான்ல்வின் ஆற்றில் படகில் இறங்கி வந்தோம். தலைக்கு 10,000 சாட், பலகை இருக்கை, முதுகு போய்விட்டது. சுண்ணாம்புக் குன்றுகள் இரண்டு பக்கமும் வந்துகொண்டே இருந்தன. முதல் ஒரு மணி நேரம் படம் எடுத்தேன், பிறகு தூங்கிவிட்டேன்.

ஒரு காலத்தில் செட்டியார்கள் வட்டிக்கடை வைத்திருந்த ஊர். தமிழ்க் குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. ஆட்டோக்காரர் என் முகத்தைப் பார்த்ததும் "வாங்க, குந்துங்க" என்றார். அவருடைய தாத்தா தஞ்சாவூராம், இவர் இந்தியாவைப் பார்த்ததில்லை. ஆற்றங்கரைச் சாலையில் ஸயா சொன்ன டீக்கடை எது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

அந்த மோன்காரர்தான் கடை முதலாளி. ஸயாவை விட ஒரு முழம் உயரம், ஒரு காது சுருண்டு காளான் ஆகிவிட்டது. பலாத்தா எனப்படும் பரோட்டாவும் பட்டாணியும் தட்டில் வைத்தார். ஸயா அனுப்பினார் என்றதும் முகம் மலர்ந்தது. நாலு ட்ரா என்றதும் மலர்ந்த முகம் சுருங்கியது.

"மூணு."

நாலாவது 1984-இல் முடோனில். ஐந்தாம் சுற்று முடிய மணி அடிக்கும்போது ஸயா ஒரு முழங்காலில் இருந்தாராம், நடுவர் எட்டு வரை எண்ணியாயிற்றாம். இன்னும் நாலு விநாடி இருந்திருந்தால் தனக்கு வெற்றி. நடுவர் கரேன்காரர் என்பதையும் சேர்த்துக்கொண்டார். நான் நோட்டில் 4 என்பதை அடித்து 3 என்று எழுதி, பக்கத்தில் கேள்விக்குறி போட்டேன். கேள்விக்குறியை எட்டிப் பார்த்தவர் சட்டைப் பையிலிருந்து ஃபோனை எடுத்தார்.

ஸ்பீக்கரில் ஸயாவின் மெல்லிய குரல், ஆனால் இப்போது மெல்லியதாக இல்லை. கால் வழுக்கியதாம். யாரோ தண்ணீரைக் கொட்டி வைத்திருந்தார்களாம். மோன்காரர் கடைக்கு நடுவில் வந்து முழங்கால் போட்டு, ஒரு கையில் ஃபோனோடு, எப்படி விழுந்தார் என்று வாடிக்கையாளர்களுக்கு நடித்துக் காட்டினார். அடுத்த மேஜையில் இருந்த இருவர் மெல்லவும் மறந்து பார்த்தார்கள். அந்தப் பக்கத்திலிருந்து ஸயாவின் மனைவி குரலும் வந்தது. இருபது நிமிடம் ஆகியும் முடிகிற மாதிரி இல்லை, எங்களுக்கு ராத்திரி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. பணத்தை எடுத்ததும், ஃபோனைத் தோளுக்கும் சுருண்ட காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, வாக்குவாதத்தை நிறுத்தாமலே இரண்டு டீக்கும் பலாத்தாவுக்கும் 2,200 சாட் எண்ணி வாங்கிக்கொண்டார்.